உறைபனிக் கட்டுரையைத் திருத்தும்போது

உதகைப் பக்கத்துப் பள்ளிகளில் ‘உறைபனிக் காலம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், பல நோட்டுகளில் ஒரே முன்னுரைதான் இருக்கும்: “மலைகளின் அரசியான உதகையில் பனிக்காலம் மிகவும் ரம்மியமானது. காண்போர் உள்ளம் கொள்ளை போகும்.” எழுத்துப் பிழை இருக்காது. பத்துக்கு ஆறு போட்டுவிடலாம். ஆனால் எழுதிய பிள்ளையின் வீட்டில் கொஞ்சம் தேயிலை இருக்கும். பனியில் கொழுந்து கருகினால் பறிக்க இலை இல்லாமல் வீட்டில் கைநெருக்கடி வரும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். அதில் ஒரு வரிகூடக் கட்டுரைக்குள் வந்திருக்காது. தமிழாசிரியர் முதலில் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். விட்டுப்போன ஒற்றெழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதான் நல்ல எழுத்தின் முதல் குணம். “நன்றாக எழுது” என்று ஓரத்தில் குறித்தால் அது வராது, கேள்வி கேட்டால் வரும். எத்தனை மணிக்கு? எங்கே? எது கருகியது? வீட்டில் என்ன செய்தார்கள்? இந்த நான்குக்கும் பதில் தேடிய பிறகு அதே கட்டுரை இப்படி மாறும்: “காலை ஆறு மணிக்குப் புல்மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளையாக இருந்தது. வெயில் ஏறியதும் கொழுந்து கருகிவிட்டது. சாயங்காலம் அப்பா பெரணித் தழை வெட்டி வந்து இளஞ்செடிகளை மூடினார்.” ‘ரம்மியம்’ தானாகவே விழுந்துவிட்டது. காலை, வெயில், சாயங்காலம் என்று வரிசையும் அமைந்துவிட்டது. வாக்கியம் சுருங்கினால் இலக்கணமும் சீராகும். “கொழுந்துகள் கருகியது” போன்ற ஒருமை பன்மைப் பிழை பெரும்பாலும் நீள வாக்கியத்தில்தான் நுழைகிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே பத்துச் சொல் வந்துவிட்டால், தொடங்கியது எது என்பதே பிள்ளைக்கு மறந்துவிடும்.

நீலகிரிப் படுகர்களின் தாய்மொழியான படுகு பேசும் வீட்டுப் பிள்ளைகள் கைடு வாக்கியத்தை இறுகப் பிடித்துக்கொள்வதைச் சோம்பல் என்று சொல்லக் கூடாது. மனப்பாட வரியில் தப்பு வராது என்ற பயம்தான் காரணம். நடந்ததைப் பக்கத்துப் பிள்ளையிடம் முதலில் படுகிலேயே ஐந்து நிமிடம் சொல்ல விட்டு, பிறகு தமிழில் எழுதச் சொல்லலாம். சொல்ல விஷயம் கையில் இருந்தால் சொல்லைத் தேடும் துணிச்சல் வரும்.

தகவலை அள்ளிக் கொட்டுவதும் எழுத்தைக் கெடுக்கும். மலை ரயில் கட்டுரை என்றால் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள், 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் என்று கைடில் உள்ள எல்லா எண்ணும் வந்துவிடும். ரயில் ஏன் மெதுவாகப் போகிறது என்பது மட்டும் இருக்காது. கல்லாறு முதல் குன்னூர் வரையான ஏற்றத்தில் 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏறும் இடங்கள் உண்டு. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கும் என்பதால், நடுவில் பதித்த பல்தண்டவாளத்தை என்ஜினின் பல்சக்கரம் கவ்வி ஏறுகிறது. காரணத்தை விளக்கும் அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை அடிக்கச் சொல்ல வேண்டும். ‘ஏன்’ என்று கேட்டு எழுதப் பழகிய பிள்ளையின் அறிவியல் விடையும் தெளிவாகும்.

நோட்டு முழுக்கச் சிவப்பு மை பூசுவதில் பயனில்லை. ஐம்பது சுழியைக் கண்ட பிள்ளை எதையும் படிக்காமல் நோட்டை மூடிவிடும். ஒரு வாரத்துக்கு ஒரே பிழையை எடுத்தால் போதும்: இந்த வாரம் ஒருமை பன்மை, அடுத்த வாரம் ற, ர. மற்றவற்றைத் தெரிந்தே விட்டுவிட வேண்டும். 45 நிமிட வகுப்பில் முதல் பத்து நிமிடம் கேள்விக்கு, இருபது நிமிடம் எழுத, மீதி உரக்க வாசிக்க. மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டால், வாக்கியத்தை எங்கே வெட்டுவது என்று பிள்ளைக்கே புரியும்.

திருத்தியதோடு விட்டால் பாதி வேலைதான். இடப்பக்கம் முதல் எழுத்து, வலப்பக்கம் திருத்தி எழுதியது என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் ஒப்பிட வசதி. அரைப் பக்கம் போதும், ஆனால் அதே வாரத்துக்குள் எழுதிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பார்த்தது மங்கிவிடும், பிள்ளை திரும்பவும் கைடைத்தான் திறக்கும்.