கல்லூரிப் பட்டியலுக்கு முன்னால் ஒரு கணக்கு

மகன் 2025 ஆகஸ்டில் கல்லூரிக்குப் போனான். அதிலிருந்து தெரிந்தவர்கள் பலரும் கேட்கிறார்கள்: எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் எவ்வளவு, எந்தக் கோச்சிங், கட்டுரையை யார் பார்த்துக் கொடுத்தார்கள் என்று. பணத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சம்பளம் வெளியே வந்துவிடும் என்கிற கூச்சம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதில் பாதி வேலை பணக் கணக்குதான். எனவே இங்கே பெரும்பாலும் அதைத்தான் எழுதப்போகிறேன்.

கணவருக்கு மென்பொருள் வேலை. நான் ஒரு பல் மருத்துவரிடம் கணக்கு பார்க்கிறேன். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 200,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே வரும். கேட்க நிறைய மாதிரி இருக்கும். வீட்டுக் கடன், ஊருக்கு அனுப்பும் பணம், அடுத்து வரிசையில் நிற்கும் மகள் எல்லாம் போக மிச்சம் என்ன என்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். இலவச உதவி கேட்கும் அளவுக்கு ஏழையும் இல்லை, முழுக் கட்டணம் கட்டும் அளவுக்கு வசதியும் இல்லை. பல தனியார் பல்கலைக்கழகங்களில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு இப்போது 90,000 டாலரைத் தொடுகிறது. நான்கு ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் அது ஒரு வீட்டின் விலை.

அவன் பதினோராம் வகுப்புக்குப் போகும் கோடையிலேயே பேசிவிட வேண்டும் என்று நான் சொன்னேன். கணவருக்கு மனமில்லை. "படிக்கிற பையன்கிட்ட காசைப் பத்திப் பேசினா ஆசையே போயிடும்" என்றார். ஆசைப்பட்டு இடமும் கிடைத்த பிறகு ஏப்ரலில் 'முடியாதுப்பா' என்று சொல்வதைவிட இது மேல் என்பது என் கட்சி. கடைசியில் மூவரும் உட்கார்ந்தோம். கல்லூரிச் செலவுக்கான 529 சேமிப்புக் கணக்கில் சேர்த்தது, மாதச் சம்பளத்திலிருந்து எடுக்கக்கூடியது, அவன் பெயரில் வாங்கக்கூடிய கடன் என்று மூன்று வரி எழுதினோம். ஆண்டுக்கு 35,000 டாலர் வந்தது.

அவன் பெயரில் வாங்கும் கடன் என்பது மத்திய அரசின் மாணவர் கடன். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, அதற்குப் பிறகு ஆண்டுக்கு 7,500 டாலர் வரை. நான்கு ஆண்டில் 27,000. வேலைக்குப் போகிற ஒருவர் அடைக்கக்கூடிய தொகைதான். பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடன் வேறு ரகம். கல்லூரிச் செலவில் மற்ற உதவிகள் போக மீதி முழுவதையும் அதில் வாங்க முடிந்தது. 2026 ஜூலையிலிருந்து ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். வரம்பு வருவது நல்லதுதான் என்பேன். ஓய்வு பெறும் வயதில் பிள்ளையின் படிப்புக் கடனைக் கட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

சரி, 35,000-க்கு எங்கே படிக்கலாம்? கல்லூரி அறிவிக்கும் கட்டணத்தை வைத்து இதை முடிவு செய்யவே முடியாது. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று இருக்கும். மத்திய அரசின் உதவி பெறும் கல்லூரிகள் எல்லாம் 2011-லிருந்து அதை வைத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். வருமானம், சேமிப்பு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று நிரப்பினால், உங்கள் குடும்பத்துக்கு ஏறத்தாழ எவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடும். விண்ணப்பிக்க வேண்டாம், பெயர்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க நானும் மகனும் இதையே செய்தோம்.

நினைத்ததற்கு நேர்மாறாக வந்தது. பெயர் பெற்ற சில பணக்காரப் பல்கலைக்கழகங்கள், பக்கத்து மாநில அரசுப் பல்கலைக்கழகத்தைவிடக் குறைவான தொகையைக் காட்டின. அவற்றிடம் அறக்கட்டளை நிதி ஏராளம். பிரின்ஸ்டன் 2001-லிருந்து தன் உதவித்தொகையில் கடனையே சேர்ப்பதில்லை, முழுவதும் திருப்பிக் கட்டவேண்டாத கிராண்ட்தான். எம்.ஐ.டி.யில் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து, வருமானம் 200,000 டாலருக்குக் கீழே இருந்து சொத்தும் வழக்கமான அளவில் இருந்தால் டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இடம் கிடைக்கவேண்டுமே! தவிர, ஹார்வர்ட், பிரின்ஸ்டன் எல்லாம் உள்ள ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் மதிப்பெண்ணுக்காகப் பணம் தருவதில்லை. குடும்ப நிலைமையைப் பார்த்துத்தான் தருகின்றன. 'நம்ம பையன் நல்லாப் படிக்கிறான், ஹார்வர்டே ஸ்காலர்ஷிப் கொடுக்கும்' என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இதை விளக்குவதை நான் விட்டுவிட்டேன்.

'சொத்து வழக்கமான அளவில்' என்று எழுதினேன் அல்லவா, அதில்தான் எங்களுக்கு ஒரு சிக்கல். சென்னையில் கணவர் பெயரில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது. மாமியார் அதில் குடியிருக்கிறார். வாடகை வராத அந்த வீடும் கணக்கில் வரும். நாம் குடியிருக்கும் வீட்டை, மத்திய அரசின் உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் கேட்பதில்லை, 401கே போன்ற ஓய்வுக்காலச் சேமிப்பையும் கேட்பதில்லை. மற்ற வீடு, மனை எந்த நாட்டில் இருந்தாலும் முதலீடுதான். அங்கே வங்கியில் போட்ட டெபாசிட்டும் அப்படியே. ஃப்ளாட்டைச் சேர்க்காமல் ஒரு முறை, சேர்த்து ஒரு முறை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சேர்த்ததும் தொகை கணிசமாக ஏறியது. "பாட்டி இருக்கிற வீட்டை நம்மளோடதுன்னு எப்படிம்மா எழுதறது?" என்றான் மகன். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எழுதவேண்டும். மறைக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. அது கூட்டாட்சி அரசின் படிவம், பொய் எழுதினால் குற்றம். அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்வேன்.

சொத்தில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஃபாஃப்சா கணக்கில் பெற்றோரின் சேமிப்பில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைத்தான் கல்லூரிக்கு எடுக்கமுடியும் என்று வைக்கிறார்கள். பிள்ளை பெயரில் உள்ளதில் 20 சதவீதம். பிறந்த நாளைக்கு வந்த பணத்தையெல்லாம் பிள்ளை பெயரிலேயே கணக்குத் தொடங்கிப் போட்டு வைப்பது நம் வழக்கம். இங்கே அது பாதகம். பெற்றோர் உரிமையாளராக இருக்கும் 529 கணக்கு, பயனாளி பிள்ளையாக இருந்தாலும் பெற்றோர் சொத்தாகவே கொள்ளப்படும்.

வருமானம் எந்த ஆண்டுடையது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரியில் சேரும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முந்தைய வரிக் கணக்கு. 2025-ல் சேர்ந்த மகனுக்கு 2023-ஐப் பார்த்தார்கள். அதாவது பத்தாம் வகுப்பின் பிற்பாதியும் பதினோராம் வகுப்பின் முற்பாதியும். அந்த ஆண்டில் பங்கு விற்றாலும், பெரிய போனஸ் வந்தாலும் முதல் ஆண்டு உதவித்தொகை அடிபடும். ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும். எங்கள் ஆண்டில் நவம்பரில்தான் எல்லோருக்கும் திறந்தது. வரித்துறையிலிருந்து விவரம் நேராக வந்துவிடுவதால் நிரப்ப அதிக நேரம் ஆகாது. முன்பெல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் குடும்பம் கட்டவேண்டிய பங்கைப் பிரித்துவிடுவார்கள். 2024-25-லிருந்து அந்தச் சலுகை இல்லை.

தனியார் கல்லூரிகள் பல, கூடவே சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்று இன்னொரு படிவமும் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்த கல்லூரிக்கு 16 டாலர். வருமானம் 100,000 வரை இருந்தால் இலவசம். இதில்தான் குடைந்து கேட்பார்கள். குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக்கூடச் சில கல்லூரிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

விசா பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது, மகன் இங்கேயே பிறந்தவன். பெற்றோர் எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும் பிள்ளை குடியுரிமை உள்ளவர் என்றால் ஃபாஃப்சா போடலாம். பிள்ளையே பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தால் மத்திய அரசின் உதவி எதுவும் கிடையாது. பல கல்லூரிகள் அந்தப் பிள்ளையை வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைத்துவிடும். இரண்டு வயதில் வந்து இங்கேயே வளர்ந்த பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான். 21 வயதில் எச்-4 வேறு முடிந்துவிடும். அந்த நிலையில் இருப்பவர்கள், மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் தருவார்களா என்பதைத் தங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் பட்டியல் போட்டோம். எனக்கு மிகவும் உதவியது காமன் டேட்டா செட் என்ற ஆவணம். கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அதில் எச்2ஏ என்ற பகுதியில், பொருளாதாரத் தேவை இல்லாத மாணவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி தன் பணத்தைத் தந்தது, சராசரி எவ்வளவு என்று இருக்கும். எங்களைப் போன்ற நடுவில் மாட்டியவர்களுக்கு அதுதான் முக்கியமான வரி. அங்கே பூஜ்யம் என்றிருந்தால் மதிப்பெண்ணுக்குப் பணம் கிடையாது என்று அர்த்தம். மிகப் பெரிய பெயருக்கு ஒரு படி கீழே உள்ள கல்லூரிகள்தான் நல்ல மாணவரை இழுக்கப் பணம் தருகின்றன.

பட்டியலிலிருந்து சில பெயர்கள் தாமாகவே விழுந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூ.சி.) கல்லூரிகளில் வெளிமாநிலத்தவர் கூடுதலாக 30,000 டாலருக்கு மேல் கட்டவேண்டும், அவர்களுக்கு உதவியும் சொற்பம். எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணையும் அங்கே பார்ப்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸில் நேரடியாக இடம் கிடைக்காமல் வேறு துறையில் நுழைந்துவிட்டு, பிறகு மாறிக்கொள்ளலாம் என்று நினைப்பது வீண். 'உள்ள போயிட்டா மாத்திக்கலாம்' என்று யாராவது சொன்னால் அந்தத் துறையின் பக்கத்தை ஒரு முறை படித்துவிடுங்கள். பொறியியலுக்கும் வணிகத்துக்கும் தனியாகக் கூடுதல் கட்டணம் வாங்கும் அரசுப் பல்கலைக்கழகங்களும் உண்டு.

ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷன் வேண்டாம் என்றேன். அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும். கொடுக்கும் உதவி போதவில்லை என்றால் விலகலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் நாலு கல்லூரிகளின் தொகையை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். கட்டாயம் இல்லாத எர்லி ஆக்‌ஷனில் நவம்பரிலேயே சில விண்ணப்பங்களை அனுப்பினான். மதிப்பெண்ணைப் பார்த்துத் தரும் மெரிட் பணத்துக்குச் சில கல்லூரிகளில் அதுதான் கடைசித் தேதியும்கூட.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப், அதில் வரும் 650 சொல் கட்டுரை, பாடம் தாண்டிய பத்து நடவடிக்கைகள் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டுரையில் நான் கை வைக்கவில்லை. எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன்.

மார்ச் கடைசியில் கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஆசைப்பட்ட பெரிய இடங்கள் இல்லை என்றுவிட்டன. கையில் நின்றவை மூன்று. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கடிதத்தில் மேலே பெரிய எழுத்தில் 'உங்கள் உதவித்தொகை 33,000' என்றிருந்தது. கணவர் மகிழ்ந்தே போய்விட்டார். பிரித்துப் பார்த்தால் ஸ்காலர்ஷிப் 25,000, மாணவர் கடன் 5,500, வொர்க் ஸ்டடி 2,500. கடன் என்பது நாம் திருப்பிக் கட்டுவது. வொர்க் ஸ்டடி, பிள்ளை மணிக் கணக்கில் வேலை பார்த்துச் சம்பாதிப்பது. பில்லில் கழியாது. மொத்தச் செலவு 87,000 என்றால், கிராண்ட்டையும் ஸ்காலர்ஷிப்பையும் மட்டும் கழித்து, 62,000 என்றுதான் எழுதிக்கொள்ளவேண்டும். கடிதத்தில் டியூஷன் மட்டும் போட்டு, சாப்பாடு, அறை, புத்தகம், போக்குவரத்தை விட்டுவிடுகிற கல்லூரிகளும் இருக்கின்றன. எல்லாக் கடிதங்களையும் ஒரே அட்டவணையில் ஏற்றும்வரை எதையும் நம்பக்கூடாது.

இரண்டாவது, தென்மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகம். மெரிட் போக 28,000 வந்தது. மலிவுதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 3.5-க்குக் குறையக்கூடாது என்று நிபந்தனை. பொறியியல் முதல் ஆண்டில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது சாமானியமா? அது தவறிப்போனால் அந்த ஆண்டிலிருந்து வெளிமாநிலக் கட்டணம். மூன்றாவது எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம், 33,000, நிபந்தனை ஒன்றும் இல்லை, துறை இடமும் உறுதி.

தனியார் பல்கலைக்கழகத்துக்கு மறுபரிசீலனை கேட்டு எழுதினோம். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம், அது அவர்களுக்கு அன்றாட வேலை. மற்ற இடத்து மெரிட் கடிதத்தை இணைத்து மரியாதையாக ஒரு பக்கம். வேலை போனது, மருத்துவச் செலவு போன்றவை இருந்தால் ஆதாரத்தோடு தனியாக எழுதலாம். எங்களுக்கு 3,000 கூட்டித் தந்தார்கள். 59,000.

அட்டவணையை மகனிடம் கொடுத்துவிட்டு நாங்கள் விலகிக்கொண்டோம். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அம்மா, வித்தியாசம் நாலு வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல. அதுக்கு அங்க என்ன கூடுதலா இருக்குன்னு எழுதிப் பாத்தேன், பாதிப் பக்கம்கூட வரல" என்றான். மே 1-க்குள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டினோம். ஊரிலிருந்து பெரியப்பா போன் செய்து, "அந்தக் காலேஜா? இன்னும் பெருசா வருவான்னு நெனச்சேன்" என்றார். அவர் கட்டப்போவதில்லையே என்று சொல்ல வாய் வந்தது. "ஆமா பெரியப்பா, நல்ல டிபார்ட்மென்ட்" என்று முடித்துக்கொண்டேன்.

ஜூலையில் முதல் பில் வந்தபோது, அதில் கல்லூரியின் மருத்துவக் காப்பீடும் சேர்ந்திருந்தது. நம் காப்பீட்டில் பிள்ளை இருந்தால் (26 வயது வரை இருக்கலாம்) விலக்குப் படிவம் நிரப்பி அதை எடுத்துவிடலாம். அதற்குக் கடைசித் தேதி உண்டு.

மகள் இப்போது பத்தாம் வகுப்பு. அவளுக்கு வருமானம் பார்க்கும் ஆண்டு வரும் ஜனவரியில் தொடங்குகிறது. மாமியார் எங்களோடு வந்து இருக்கச் சம்மதித்துவிட்டார், சென்னை ஃப்ளாட்டை விற்கலாம் என்று பேச்சு. டிசம்பருக்குள் பத்திரம் முடிந்தால் சரி. ஜனவரிக்குத் தள்ளினால் லாபம் அவள் கணக்கில் வருமானமாக ஏறிவிடும். ஆள் பார்க்கச் சொல்லிக் கணவர் தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.