சத்தம் வரும் பக்கம் பார்க்காதே

2021 மார்ச். கொரோனாவுக்குப் பயந்து அலுவலகத்துக்குப் பாதிப் பேர்தான் வந்துகொண்டிருந்தோம். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் எனக்கு மேசை வேலை: மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், படக்குறிப்பு. இலங்கை விமானப்படையின் 70ஆவது ஆண்டு நிறைவுக்கு இந்தியாவிலிருந்து சூர்யகிரண் அணி வந்திருந்தது. 3ஆம் திகதியிலிருந்து மூன்று நாள் காலிமுகத்திடலில் வான்சாகசம். போக வேண்டிய நிருபருக்குக் காய்ச்சல். "நீங்களே ஒருக்காப் போயிட்டு வாங்கோ" என்றார் ஆசிரியர்.

கூட வந்த படப்பிடிப்பாளர் கொட்டாஞ்சேனைப் பெடியன். கிரிக்கெட் படம் எடுப்பதில் கெட்டிக்காரன். ஆட்டோவில் போகும்போதே நீளமான லென்ஸைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டான். திடலில் முகக்கவசமும் குடையுமாகச் சனம். இஸ்ஸோ வடைக்காரருக்கு நல்ல வியாபாரம்.

முதல் சத்தம் கேட்டபோது நான் என்ன செய்தேன் என்று பிறகு அவன்தான் சொன்னான்: தோளைக் குறுக்கி, பக்கத்திலிருந்த கட்டுச் சுவரைப் பார்த்தேனாம். எனக்கு அது நினைவில்லை. 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அடுத்த வருடமே இலங்கை விமானப்படைக்குக் கிபிர் என்ற குண்டுவீச்சு ஜெட் வந்துவிட்டது. அதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் குண்டு போட வரும் எதையும் பொம்மர் என்று பொதுவாகச் சொன்ன சனம், பிறகு சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று பிரித்துச் சொல்லப் பழகிவிட்டது.

பெடியன் கமராவைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினான். வெறும் வானம். இன்னொரு தடவை திருப்பினான். அதுவும் வெறுமை.

"எங்கண்ணே போகுது?"

"சத்தம் வாற பக்கம் பார்க்காதை. அதுக்கு முன்னாலை பார்."

இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பங்கர் வாசலில் நின்று படித்தது. ஒரு கிலோமீற்றர் தள்ளிப் பறப்பதன் சத்தம் காதுக்கு வர மூன்று விநாடி ஆகும். அதற்குள் ஜெட் அரைக் கிலோமீற்றர் போய்விடும். அவன் லென்ஸை முன்னுக்குத் தள்ளினான். ஒன்பது ஹோக் விமானங்கள், சிவப்பும் வெள்ளையுமாக, வைர வடிவில் அப்படியே சட்டத்துக்குள் வந்து விழுந்தன.

அதன் பிறகு நானும் நிமிர்ந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. முன்னால் போகும் தலைவரைத் தவிர மற்ற எட்டு விமானிகளும் தரையையோ வானத்தையோ பார்ப்பதில்லை. பக்கத்து விமானத்தில் இரண்டு புள்ளிகளைக் குறித்து வைத்து, அவை ஒரே கோட்டில் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். தலைவர் குரல் கொடுத்தால் திரும்புவார்கள், அவ்வளவுதான். பின்னால் வரும் வெள்ளைப் புகை வேறொன்றுமில்லை, டீசல். சூடான எஞ்சின் காற்றில் அதை விட்டால் ஆவியாகி, வெளியே வந்ததும் குளிர்ந்து மேகம்போல நிற்கும். நிறம் வேண்டுமென்றால் சாயம் கலப்பார்கள்.

அன்றிரவு பெட்டிச் செய்தி ஒன்று எழுதுவதற்காகப் பழைய கதைகளைத் தேடினேன். 1958இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் 22 ஹண்டர் ஜெட்கள் ஒரே கூட்டமாகக் குட்டிக்கரணம் அடித்திருக்கின்றன. பிரித்தானிய விமானப்படையின் சாகச அணியான ரெட் அரோஸ் 1965இல் பறக்கத் தொடங்கியது. சூர்யகிரண் 1996இல் கிரண் விமானங்களோடு பிறந்து, 2011இல் நின்று, சில வருடங்கள் கழித்து ஹோக்கோடு திரும்பியது. கிபிர் இங்கே வந்ததும் அதே 1996இல்தான். அதைப் பெட்டிச் செய்தியில் போடவில்லை.

1988 ஓகஸ்ட் 28 ராம்ஸ்டைன் விபத்தைச் சேர்த்தேன். ஜேர்மனியில் இத்தாலிய அணியின் மூன்று விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்துக்குள் விழுந்து, 70 பேர் இறந்துபோனார்கள். கூட்டத்தை நோக்கிப் பறக்கக் கூடாது, இவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதிகள் பல நாடுகளில் இறுகியது அதற்குப் பிறகுதான். காலிமுகத்திடலில் நாங்கள் தரையில், அவர்கள் கடலுக்கு மேலே. அந்த இடைவெளிக்குக் கொடுத்த விலை அது. 'விழா நேரத்தில் இதென்ன' என்று ஆசிரியர் அந்தப் பத்தியை வெட்டிவிட்டார். எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

படக்குறிப்பில் பிழை விட்டது நான். 'வைர வடிவில் குண்டுவீச்சு விமானங்கள்' என்று தட்டியிருந்தேன். கை தானாகத் தட்டியது. ஹோக் பயிற்சி விமானம். விமானிகள் போர் விமானம் ஓட்டுவதற்கு முன் பழகுவது அதில்தான். பிழைதிருத்தம் பார்க்க வேண்டியதும் நான்தான், ஆகவே அப்படியே அச்சாகிப் போனது.

மறுநாள் காலை வெள்ளவத்தையிலிருந்து ஒரு முதியவர் தொலைபேசியில் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி எந்த ஊர்?"

சொன்னேன்.

"சரி, சரி" என்றார். "நாளைக்குத் திருத்திப் போடுங்கோ."