மாநில எல்லையில் நின்றுபோன மயில்: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

மே 11, 2025

பறவைப் பதிவையும் தட்பவெப்பத்தையும் வைத்து வரைபடம் போடும் மேக்ஸென்ட் என்ற கணினி மாடல் இன்று மதியம் ஓடி முடிந்தது. கேரளம் முழுக்க, கிழக்கே கோவை, திருப்பூர் மாவட்டங்களையும் சேர்த்து, மயிலுக்கு எந்த இடம் ஒத்துவரும் என்று காட்டும் வரைபடம். ஒத்துவந்தால் சிவப்பு, வராவிட்டால் நீலம். பாலக்காட்டின் நடுப்பகுதி நல்ல சிவப்பு. சூலனூர் பக்கம் இன்னும் அடர்த்தி. மயிலுக்கென்றே சரணாலயம் இருக்கிற ஊர், அதில் ஆச்சரியமில்லை. எங்கள் கொழிஞ்சாம்பாறை ஆரஞ்சு. எருத்தேம்பதி மஞ்சள். எல்லை தாண்டிப் பொள்ளாச்சி வட்டத்துக்குள் நுழைந்ததும் நிறம் வெளுக்கிறது. கிணத்துக்கடவுக்குப் போனால் நீலம்.

கிணத்துக்கடவில் மயில் இல்லையாம். காலையில் பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் யாரும் நம்ப மாட்டார்கள்.

மாடலுக்குள் மாநில எல்லை என்று எதையும் நான் கொடுக்கவில்லை. வெப்பமும் மழையும் மட்டும்தான். பிறகு எல்லை எப்படி உள்ளே வந்தது? மழைக்கான வளைவைத் திறந்தால் தெரிகிறது. மழை குறையக் குறைய மயிலும் குறைகிறது என்று அது சாய்ந்து இறங்குகிறது. வறண்ட பூமி மயிலுக்கு ஆகாது என்று மாடல் படித்துவைத்திருக்கிறது. வறண்ட பூமியிலேயே மயிலுக்குப் பேர்போன விராலிமலைக்காரர்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள்.

மே 12

நேற்றைய கூத்துக்குக் காரணத்தை எழுதிவைக்கிறேன். புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கும் உதவும்.

மேக்ஸென்ட்டை ஸ்டீவன் ஃபிலிப்ஸ், ராபர்ட் ஆண்டர்சன், ராபர்ட் ஷபீர் மூவரும் 2006-இல் ஒரு கட்டுரையில் விரித்து எழுதினார்கள். அதன் பெரிய வசதி, பறவை இருந்த இடங்களை மட்டும் கொடுத்தால் போதும் என்பது. இல்லாத இடம் எது என்று கேட்காது. அதற்குப் பதிலாக நிலப்பரப்பிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 10,000 புள்ளிகளை எடுத்துக்கொள்ளும். 'இந்தச் சீமை பொதுவாக இப்படி' என்று அதிலிருந்து ஒரு கணக்கு. பறவை நிற்கும் இடங்கள் அந்தப் பொதுக்கணக்கிலிருந்து எந்தெந்த வகையில் மாறுபடுகின்றன என்று பார்த்துத்தான் நிறம் தீட்டும்.

இது செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. மனிதர்கள் எல்லா இடத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் பார்த்திருக்க வேண்டும். இங்கேதான் எல்லை நுழைகிறது. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை பறவை அட்லஸ் எடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், மாநிலம் முழுக்கக் கட்டம் போட்டு, வருடத்தில் மழைக்காலம் ஒருமுறை, வெயில்காலம் ஒருமுறை போய்ப் பட்டியல் எழுதினார்கள். 361 இனங்கள், கிட்டத்தட்ட மூன்று லட்சம் பதிவுகள். ஆசியாவிலேயே பெரிய பறவை அட்லஸ் அதுதான். தோட்டம், சந்து, ரப்பர்க் காடு, யாரும் எட்டிப் பார்க்காத பொட்டல் என்று குலுக்கலில் எந்தக் கட்டம் வந்ததோ அங்கே போனார்கள்.

அந்தக் கட்டங்கள் வேலந்தாவளத்தோடு முடிந்துவிடுகின்றன. கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பதெல்லாம் ஆர்வலர்கள் அவரவர் வசதிக்கு ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போட்டவை. ஆனைமலைக் காட்டு டாப்ஸ்லிப்பில் குவிந்து கிடக்கும், குளக்கரைகளில் குவிந்து கிடக்கும். சோளக்காட்டில் ஒன்றும் இருக்காது. மயிலைப் பார்க்க யார் மெனக்கெட்டுக் கிணத்துக்கடவு போகிறார்கள்? ஆக, ஈரமான மேற்கில் பார்த்தவர் அதிகம், வறண்ட கிழக்கில் குறைவு. மாடலுக்கு மனிதர்கள் தெரியாது, மழை மட்டும்தான் தெரியும். பழியை மழை மேல் போட்டுவிட்டது.

மே 13

பதிவுகளைச் சலிக்கும் வேலை. வாளையார் அணைத் தண்ணீருக்கு நடுவில் ஒரு மயில். மாவட்டத்தின் நட்டநடுப் புள்ளியில் ஒரு கூட்டம், ஊர் தெரியாதவர்கள் 'பாலக்காடு' என்று போட்டவை. பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வரை காரில் போனபடியே எழுதிய பட்டியல் ஒன்று, அத்தனை பறவையும் ஒரே புள்ளியில் குத்தப்பட்டிருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பட்டியல்களைத் தூக்கிவிட்டேன். ஒரு கட்டம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் இருக்கும்போது அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மே 17

பக்கத்துத் தோட்டத்து மாமா வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டார். "ஏனம்மிணி, ராவும் பகலும் கம்ப்யூட்டர்லயே மயிலு பாக்கறியாமா? இங்க வந்து பாரு."

ஊன்றிய நிலக்கடலை. சால் நெடுகச் சின்னச் சின்னக் குழிகள், யாரோ விரலால் தோண்டியதுபோல. பருப்பை எடுத்துக்கொண்டு, அதன் செந்தோலை மட்டும் குழியோரத்தில் விட்டிருக்கிறது. ஈர மண்ணில் மூன்று விரல் தடம் தெளிவாக இருந்தது. ஒரு சாலை விட்டு அடுத்த சாலுக்குத் தாவவில்லை, ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போயிருக்கிறது. சுற்றிலும் பழைய சேலைகளை வரிசையாகக் கட்டியிருக்கிறார். மேற்கு மூலையில் சேலை காற்றில் சுருண்டு கம்பியில் சிக்கிக் கிடந்தது. வழி அதுதான்.

"நான் சின்னப்பையனா இருக்கறப்போ மயிலு பாக்கோணும்னா மருதமலைக்குப் போகோணும். இப்பக் கோழிக்கு முந்தி எந்திரிச்சுக் கத்துது. நரி போச்சு, மயிலு வந்துருச்சு, அவ்வளவுதான். உன்ர கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"மழையும் வெயிலும் மாறுதுன்னு சொல்லுதுங்க மாமா."

"அதும் இருக்கும்" என்று பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தார்.

அவர் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் மாடலுக்குக் கொடுத்திருக்கும், வேர்ல்ட்கிளிம் என்ற காலநிலைத் தரவுத்தொகுப்பின் மாறிகள் மொத்தம் 19. வருட சராசரி வெப்பம், மிக வறண்ட மாதத்தின் மழை, ஈரமான காலாண்டின் வெப்பம், இப்படியே போகும். அத்தனையும் வெயிலும் மழையும் சார்ந்தவை, ஒன்றில்கூட நரி இல்லை. தரிசு விழுந்த வயல் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருப்பதும் இல்லை. கேரளத்தில் மயில் பரவுவதைக் காலநிலை மாற்றத்தின் அறிகுறி என்று 2020-இல் ஒரு ஆய்வு சொன்னது. அதுவும் மேக்ஸென்ட்தான். அந்த வாதத்தில் எனக்குப் பாதி ஒப்புதல் உண்டு. மீதிப் பாதியை மாமாவின் நரிக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். வெயிலும் மழையும் மட்டும் கொடுத்தால் விடையும் வெயிலாகவோ மழையாகவோதானே வரும்.

மே 18

பின்னணிப் புள்ளிகளை மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல், ஏதாவதொரு பறவையை யாராவது பதிந்த இடங்களிலிருந்து மட்டும் எடுத்தேன். காக்கையோ மைனாவோ, எதுவாகவும் இருக்கட்டும். பார்த்தவர் எங்கெல்லாம் நின்றார் என்பது இப்போது இரண்டு தட்டிலும் சமமாக ஏறும், அடிபட்டுப்போகும். ஃபிலிப்ஸும் சகாக்களும் 2009-இல் காட்டிய வழி இது.

கிணத்துக்கடவு சிவந்துவிட்டது! மழை வளைவு தலைகீழாகத் திரும்பி, வறண்ட பக்கம் ஏறுகிறது. எருத்தேம்பதிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே இருந்த கோடு கரைந்தது. பறவைப் பதிவில் ஒரு வரிகூட மாறவில்லை. எதோடு ஒப்பிடுவது என்பதை மட்டும்தான் மாற்றினேன்.

மாடலுக்கு மதிப்பெண் போடும் ஏயூசி மதிப்பு முந்தையதைவிடக் குறைவு. வேடிக்கை என்னவென்றால், மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறவர் மயிலை எல்லையில் நிறுத்திய முதல் மாடலைத்தான் தேர்ந்தெடுப்பார்.

மே 24

தென்மேற்குப் பருவமழை இன்றே கேரளத்தில் இறங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்திருக்கிறது. வழக்கமான நாள் ஜூன் 1. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் இப்போதுதான். பாலக்காட்டுக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளுகிறது, நெட் போய்ப் போய் வருகிறது.

என் மாடலுக்கு இந்த மழை தெரியாது. அதற்குத் தெரிந்தது 1970 முதல் 2000 வரையிலான முப்பது வருட சராசரி. மயில் பதிவுகள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. பழைய வானத்தின் கீழே புதிய பறவையை நிறுத்திவைத்து உறவு கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தத் துறையில் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், வேறு வழியும் குறைவு.

மே 25

மழைக்கு வெளியே போக முடியாததால் ஒரு விளையாட்டு. மயிலை ஒதுக்கிவிட்டு நீலகிரி சோலைக்கிளியை ஓட்டினேன். கிளி இல்லை, மைனாவைவிடச் சிறிய நீலப் பறவை. உயரமான மலைச் சோலைகளின் அடித்தூறில் நிழலோடு நிழலாக நிற்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே மட்டும்தான் உண்டு. தெற்கே ஆனைமலை, பழனிமலையில் இருப்பது அதன் பங்காளி, வெண்வயிற்றுச் சோலைக்கிளி. வி.வி. ராபினும் சகாக்களும் 2017-இல் இவற்றுக்கெனத் தனிப் பேரினமே ஏற்படுத்தினார்கள்.

வடக்குப் பறவையின் புள்ளிகளை மட்டும் கொடுத்தேன். எதிர்பார்த்தபடியே ஊட்டி சிவப்பு. ஆனைமுடி, வால்பாறைக்கு மேலே புல்மலை, கொடைக்கானல் எல்லாமும் சிவப்பு. குளிர் அதே, மழை அதே, உயரம் அதே. மாடல் சொல்வது ஒருவகையில் சரிதான், கொண்டுபோய் விட்டால் அந்தப் பறவை அங்கே பிழைக்கக்கூடும். ஆனால் நடுவில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குக் கணவாய் இருக்கிறது. வெயில் காயும் தாழ்நிலம், பனைமரம், தென்னந்தோப்பு, நான் உட்கார்ந்திருக்கும் இந்தத் திண்ணை. சோலையை விட்டு வெளியே வராத பறவைக்கு இது கடல். பல லட்சம் வருடங்களாக இதைக் கடக்க முடியாமல்தான் இரண்டும் இரண்டு இனமாகப் பிரிந்தே போயின.

மயில் வரைபடத்தில் இடுக்கியின் மறையூர்ப் பக்கம் ஒரு சிவப்பு. இதில் ஆனைமுடியில் ஒரு சிவப்பு. நிறம் ஒன்றுதான். முன்னதில் பறவை நடந்தே போய்ச் சேர்ந்துவிடும், பின்னதில் என்றைக்கும் சேராது. இரண்டுக்கும் ஒரே மை பூசுவது எனக்கு ஒப்பவில்லை. வரைபடத்தின் கீழே ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்பார்கள். அந்த வரியை யார் படிக்கிறார்கள்? போய்ச்சேர முடியாத இடங்களுக்குக் கோடு போட்ட சாம்பல் நிறம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

ஜூன் 1

அட்லஸ் பட்டியல்களின் அருமை இன்றைக்குத்தான் முழுசாகப் புரிகிறது. ஒவ்வொரு சிறு கட்டத்திலும் 15 நிமிடப் பட்டியல்கள் நான்கு. நான்கிலும் இல்லை என்றால் உண்மையிலேயே இல்லையா, கண்ணில் படவில்லையா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெக்கென்ஸியும் சகாக்களும் 2002-இல் உருவாக்கிய இருப்பு மாடலுக்கு வேண்டியது இதுதான். பறவை இருக்கிற இடத்தில் ஒரு பட்டியலில் அது சிக்கும் வாய்ப்பு 0.4 என்று வையுங்கள். நான்கிலும் தப்பிக்கும் வாய்ப்பு 0.6-ஐ நான்குமுறை பெருக்கினால் வரும்: 0.13. பறவை இருக்கிற நூறு கட்டத்தில் பதின்மூன்றில் 'இல்லை' என்று எழுதியிருப்போம். வாய்ப்பு 0.7 ஆனால் அது ஒன்றுக்கும் கீழே போய்விடும்.

இவ்வளவு பெரிய பறவை எப்படித் தப்பும் என்று கேட்கலாம். தோகை விழுந்தபின், புதர் மண்டிய தோட்டத்தில், வாயைத் திறக்காமல் நிற்கும் மயிலைப் பத்தடியில் தவறவிடலாம். எங்கள் பக்கம் அகவல் உச்சத்தில் இருப்பது சித்திரை, வைகாசியில். அட்லஸ்காரர்கள் போனது ஜனவரி முதல் மார்ச் வரையும், ஜூலை முதல் செப்டம்பர் வரையும். எல்லாப் பறவைக்கும் பொதுவாக வைத்த காலம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மயிலுக்கு மட்டும் அது வாய் மூடிய பருவம்.

ஜூன் 8

2050-இல் இருக்கக்கூடிய வெயிலையும் மழையையும் கொடுத்து மாடலை ஓட்டினேன். எனக்கு இதில் மனமே இல்லை, ஆனால் கேட்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மேற்குக் கரையோரம் வரை சிவப்பு விரிகிறது. அதில் எவ்வளவு இடத்தில், இன்றைக்கு இந்தப் பரப்பில் எங்குமே இல்லாத வெப்பமும் மழையும் சேர்ந்து வருகின்றன என்று தனியாகக் கணக்கிட்டேன். அங்கெல்லாம் மாடல் தான் படித்த பாடத்துக்கு வெளியே நின்று பதில் சொல்கிறது. அந்த இடங்களை வெள்ளையாக விட்டேன்.

இன்னொரு சங்கடம் அடியிலேயே இருக்கிறது. பறவை போகக்கூடிய இடத்துக்கெல்லாம் போய் நிலைத்துவிட்டது என்று எண்ணித்தான் இந்த வகை மாடல்கள் கணக்குப் போடுகின்றன. மயில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு அது இல்லாத இடம், பிடிக்காத இடமாகவும் இருக்கலாம், இன்னும் வந்துசேராத இடமாகவும் இருக்கலாம்.

மாமாவிடம் வரைபடத்தை போனில் காட்டினேன். தன் தோட்டத்தைக் கேட்டார். சிவப்பு. "இதச் சொல்றதுக்கு கரண்டு வேற செலவாக்கும்" என்றார்.

ஜூன் 14

கிழக்கே ஆள் போகாத கட்டங்களைப் பட்டியல் எடுத்துவிட்டேன். பெரும்பாலும் ஆனைமலை, கிணத்துக்கடவு, மதுக்கரை பக்கம். சாலையோரம், வண்டி போகிற இடம்தான். அந்தப் பக்கம் இருப்பவர்கள், வேலைக்குப் போகிற வழியில் என்றாலும் பரவாயில்லை, கீழே பின்னூட்டத்தில் ஊர்ப்பெயரை மட்டும் போடுங்கள், எந்தக் கட்டம் என்று சொல்கிறேன். ஒரே இடத்தில் நின்று 15 நிமிடம், நான்கு பட்டியல், கண்ணில் பட்டது காதில் விழுந்தது எல்லாவற்றையும் எழுத வேண்டும். மயில் வராத பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வந்தது என்னிடம் நிறைய இருக்கிறது, வராததுதான் இல்லை.