ஆல்ப்ஸ்ல காடு ஏன் மேல ஏறுது

ஆல்ப்ஸ் மலைல காடு மேல மேல ஏறுதுன்னு யாராவது போட்டோ போட்டா உடனே குளோபல் வார்மிங்னு சொல்லி முடிச்சிடறாங்க. வார்மிங் உண்மைதான், அதுல எனக்கு சந்தேகமே கெடையாது, ஆனா அங்க மாடு மேய்ச்சவங்க கதைய விட்டுட்டு பேசினா பாதிதான் புரியும்.

ஒரு உயரத்துக்கு மேல மரம் ஏன் நிக்கறதில்ல? குளிர்லயும் இலை ஓரளவு சாப்பாடு தயாரிச்சிட்டுதான் இருக்கும், ஆனா அஞ்சாறு டிகிரிக்கு கீழ போனா அத வச்சு புதுசா வளர மரத்தால முடியாது. புல்லு, குட்டைச் செடியெல்லாம் தரையோட ஒட்டி கெடக்கறதால வெயில் அடிச்சா அந்த சூட்டுலயே பொழைச்சுக்கும், நெட்டையா நிக்கற மரம் காத்தோட குளிர முழுசா வாங்கியாகணும். வளர்ற சீசன்ல சராசரி 6.4 டிகிரி வாக்குல இருக்கற எடத்தோட உலகம் முழுக்க மரம் நின்னுடுதுன்னு பால்சன், கோர்னர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2014ல கணக்கு சொன்னாங்க.

ஆனா சுவிட்சர்லாந்துல நெறைய எடத்துல காடு மரம் நிக்கக்கூடிய அந்த எல்லைக் கோட்டுக்கு ரொம்ப கீழயே நின்னுடுச்சு. பல நூறு வருஷமா கோடைக்கு மாட்ட மேல ஓட்டிட்டு போயி, மேய்ச்சலுக்காக மரத்த வெட்டி, எரிச்சு, அப்புறம் மொளைக்கற கன்ன மாடு மிதிக்க ஆடு கடிக்கன்னு கோட்டயே கீழ எறக்கிட்டாங்க. இப்ப கட்டுப்படியாகலன்னு செங்குத்தான, எட்டாத நிலத்த எல்லாம் விட்டுட்டாங்க, விட்டதும் காடு திரும்பி வருது. 1985லேர்ந்து 1997 வரைக்கும் சுவிஸ் ஆல்ப்ஸ்ல காடு எப்படி பரவுச்சுன்னு 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல மேல ஏறின காட்டுல வெறும் 4 சதவீதம்தான் அந்தந்த வட்டாரத்துல மரம் போகக்கூடிய உச்சத்தையும் தாண்டினது. மத்ததெல்லாம் முன்னாடி பறிகொடுத்த எடத்துக்குள்ளதான்.

நார்வேல இத நேரடியாவே சோதிச்சு பாத்துட்டாங்க. ஹோல்னு ஒரு ஊர் பக்கம் மலைச்சரிவுக்கு வேலி போட்டு, ஒரு பகுதில ஆடே இல்லாம, ஒண்ணுல கொஞ்சமா, இன்னொண்ணுல நெருக்கமா விட்டாங்க. செம்மறி நெருக்கமா மேஞ்ச எடத்துல பிர்ச் மரக்கன்னு தலையெடுக்கவே இல்ல, ஆடு இல்லாத எடத்துல வந்துடுச்சு. ரெண்டுக்கும் ஒரே குளிர், ஒரே மழை!

எனக்கு கவலை என்னன்னா, மேய்ச்சல் நின்னு காடு மூடற எடத்துல வெயில் கேக்கற பூச்செடி எல்லாம் போயிடும், அந்தப் புல்வெளிய இவ்வளவு காலம் காப்பாத்தினதே மாடுதான். கோடைல மேல மாடு ஓட்டறவங்களுக்கு சுவிஸ் அரசு பணம் குடுக்குது, அது வீண் செலவுன்னு யாரும் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.