ஒன்பதாவது கேள்வி

பிஎச்டி விண்ணப்பத்தில் ‘ஆய்வு ஆர்வங்கள்’ என்ற பகுதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ‘கிராமப்புறப் பெண்களிடையே மனச்சோர்வின் பரவலும் காரணிகளும்’ என்று தொடங்கி அந்தப் பக்கத்தை நிரப்பினேன். அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை பார்த்திருந்தேன். அங்கே வந்த கிராமத்துப் பெண்கள் நேராக எங்களிடம் வந்தவர்களே இல்லை. நெஞ்சு எரியுது, உடம்பெல்லாம் ஊசி குத்துது என்று ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்து, கையில் இருந்த காசு தீர்ந்தபின் வந்து சேர்ந்தவர்கள். இவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் விண்ணப்பித்தேன்.

நேர்முகத்தில் ஒரு பேராசிரியர் கேட்டார்: “எத்தனை பேருக்கு இருக்குன்னு எண்ணிட்டு வந்துடுவீங்க. எண்ணி முடிச்ச பிறகு?” விழிப்புணர்வு, பரிந்துரை என்று ஏதோ சொன்னேன். இடம் கிடைத்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் கைடு மேடத்துக்கும் தெரிந்திருக்கிறது. முதல் சந்திப்பிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து, “படிச்சிட்டு வாம்மா, அப்புறம் தலைப்பு பேசலாம்” என்றார்.

மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் செய்த ஆய்வு அது, 2013ல் வெளியானது. பூச்சிமருந்து குடித்துச் சாவதைக் குறைக்க, அதை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகளில் வைத்துக்கொள்ள விவசாயிகளுக்கு ஏற்பாடு செய்தார்கள். ஊர்க்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் எனக்கு அது பெரிய திறப்பு. கிளினிக்கல் சைக்காலஜி படித்த நாங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்தே பழகியவர்கள். அவர் எந்த வீட்டிலிருந்து வருகிறார், அந்த வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது, ராத்திரி பதினொரு மணிக்கு அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதெல்லாம் எங்கள் கேஸ் ஷீட்டில் வருவதில்லை. சமுதாய உளவியல் என்ற தாளை எம்எஸ்சியில் பாஸ் பண்ணியிருந்தேன். அது என்ன கேட்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த நாலு மாதம் கேள்விப் படிவத்தில் போயிற்று. பிஎச்க்யூ-9 மனச்சோர்வை அளக்க உலகம் முழுவதும் பயன்படுகிற ஒன்பது கேள்விப் படிவம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. தமிழ் வடிவங்கள் ஏற்கெனவே உண்டு. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வாயால் கேட்க, இந்தப் பக்கத்துப் பேச்சில் ஒன்று எங்களுக்கு வேண்டியிருந்தது. இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கி, எது எங்கே நழுவியது என்று பார்க்க வேண்டும். அதன்பின் நிஜமான ஆட்களிடம் கேட்டு, “இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுச்சு?” என்று ஒவ்வொரு கேள்வியாக விசாரிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் அவசரப்படுத்தாதீர்கள் என்று ஆய்வுக்கு வரும் தங்கைகள், தம்பிகள் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். நான் கற்றதெல்லாம் அங்கேதான்.

‘நம்பிக்கை இழந்ததுபோல் இருந்ததா?’ என்று எழுதியிருந்தோம். திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில், நூறு நாள் வேலை முடித்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “நான் ஏன் இழக்கிறேன்? வருசா வருசம் ஆடியில ஆத்தாளுக்குக் கூழு ஊத்துறேன். எனக்கு நம்பிக்கை இல்லன்னு யாரு சொன்னது?” மறுமொழிபெயர்ப்பில் அந்த வாக்கியம் கொஞ்சமும் பிசகாமல் வந்திருந்தது. மூன்று படித்த பேரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டு, ஒரே மாதிரி தவறியிருந்தோம். அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்கள் வேறு: ‘மனசு விட்டுப்போச்சு’, ‘எல்லாம் வெறுத்துப்போச்சு’, ‘ஒரே யோசனையா இருக்கு’. இங்கே யோசனை என்றால் திட்டம் இல்லை. தூக்கத்தைத் தின்னும் கவலை. பேப்பர் படிக்கும்போதோ டிவி பார்க்கும்போதோ கவனம் சிதறுகிறதா என்ற கேள்வியை, ‘உப்புப் போட்டோமா இல்லையான்னு மறந்துபோகுதா’ என்று ஓர் அக்காவே எங்களுக்கு மாற்றிக் கொடுத்தார்.

‘பாதி நாட்களுக்கு மேல்’ என்ற விடையும் ஓடவில்லை. அதே அக்கா வீட்டுக்குள் போய் ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுவந்தார். பதினாலை எண்ணித் தரையில் வரிசையாக வைத்து, “இது ரெண்டு வாரம். தூங்காத நாளுக்கு ஒண்ண இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு” என்றார். தாமே முதலில் செய்தும் காட்டினார். ஒன்று, இரண்டு என்று தள்ளத் தொடங்கியவர் பதினொன்றில் நின்றார். தள்ளிய கொட்டைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தினி நாளா?” என்றார். அதற்குப்பிறகு என் பையில் எப்போதும் பதினாலு புளியங்கொட்டை இருக்கிறது.

இனி எத்திக்ஸ் கமிட்டி, அதாவது மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் குழு. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. முதல் தடவை எட்டு வாரம் கழித்து, ஒப்புதல் படிவத்தின் எழுத்து அளவு சரியில்லை என்ற குறிப்போடு திரும்பியது. அந்த எட்டு வாரம் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் இரண்டாவது தடவை நேரில் அழைத்தபோது கேட்ட கேள்விக்காக அவர்களுக்கு நன்றி சொல்வேன். பிஎச்க்யூவின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. கமிட்டியில் மருத்துவர் அல்லாத உறுப்பினர், ஒரு வயதான வக்கீல், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு பொண்ணு ஆமான்னு சொல்லுது. கடைசி பஸ் ஆறு மணிக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?”

‘தகுந்த மருத்துவருக்குப் பரிந்துரைக்கப்படும்’ என்று எழுதியிருந்தேன். எந்த மருத்துவர், எந்தக் கிழமை, யார் கூட்டிப்போவது, பஸ் காசு யார் தருவது? ஒன்றும் இல்லை. மூன்று வாரம் அலைந்தேன். கர்நாடகத்தின் பெல்லாரியில் 1980களில் செய்து பார்த்த மாதிரியை வைத்து 1996ல் ஆரம்பித்த மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறது என்று நேரில் போய்க் குறித்துக்கொண்டேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், நானே பேசிப் பார்த்து, தமிழில் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். கிராம செவிலியரிடம் பேசினேன். மகளிர் குழுத் தலைவிகளிடம், “ஒருத்தர் மனசு ஒடிஞ்சு இருந்தா இந்த ஊர்ல முதல்ல யாருக்குத் தெரியும்?” என்று கேட்டுப் பெயர் பெயராகப் பட்டியல் போட்டேன். டாக்டர் ஒருவர்கூட அதில் இல்லை. நாத்தனார், பக்கத்து வீட்டு ஆயா, பால் ஊற்றும் இடத்தில் கணக்கு எழுதும் பெண்.

அந்தப் பட்டியல்தான் கடைசியில் என் ஆய்வுத் தலைப்பாயிற்று. மருத்துவமனைக்கு முன் பெண்கள் யாரிடம் பேசுகிறார்கள், அப்படிக் கேட்பவர்களுக்கு என்ன தெரிந்தால் உதவியாக இருக்கும் என்பதை ஆராய்வதென்று விண்ணப்பத்தைத் திருத்தினேன். ஒப்புதல் வந்தது.

ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் கம்பெனிக்காரர்களால் இங்கே பேப்பரையும் மைப்பெட்டியையும் கண்டாலே பெண்களுக்குப் பயம். “இதுக்கு வட்டி எவ்வளவு?” என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். சாட்சியாகக் குழுத் தலைவியை உட்கார வைத்து, முழுவதையும் படித்துக்காட்டி, ‘வேண்டாம்னா வேண்டாம், எதுவும் நிக்காது’ என்பதை இரண்டு முறை சொன்ன பிறகே படிவத்தை நீட்டினேன். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் தயங்காமல் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது வாரம் அந்தச் சனிக்கிழமை வந்தது, உண்மையில் வியாழக்கிழமை. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பதாவது கேள்விக்கு அந்த அக்கா வாயால் பதில் சொல்லவில்லை. கொட்டைகளை நாலு நாலாகத் தள்ளினார், பன்னிரண்டு வரை. நான் படிவத்தை மூடி வைத்தேன். வெகுநேரம் பேசினோம். யாரைக் கூப்பிடலாம் என்று அவரையே கேட்டேன். “எங்க நாத்தனாரு” என்றார். வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று நான் கேட்டதும் அவரே எழுந்து, எரவாணத்தில் செருகியிருந்த பாட்டிலை எடுத்து முந்தானையில் சுற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அன்று ராத்திரி நாத்தனார் அவரோடு படுத்துக்கொண்டார். காலையில் போன் பண்ணினேன். செவ்வாய்க்கிழமை டாக்டர் வரும் நாள். ஏழரை மணி பஸ்ஸில் மூவரும் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா, போகும் வழியெல்லாம் எந்தக் கழனி யாருடையது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.