வருகைப் பதிவேட்டில் அம்பேத்கர்

அம்பேத்கர் என்றதும் பலருக்கும் அரசியல் சாசனம் ஞாபகம் வரும். அலுவலகத்திலேயே காலம் தள்ளும் எனக்கு 1917-இல் அவர் வேலை பார்த்த பரோடாதான் ஞாபகம் வரும். கொலம்பியாவில் படித்துவிட்டு லண்டனில் மேற்படிப்பில் இருந்தவர், பரோடா மன்னர் தந்த உதவித்தொகையின் ஒப்பந்தப்படி அந்தச் சமஸ்தானப் பணிக்குத் திரும்பினார். தீண்டாமை பார்த்த பியூன்கள் கோப்புகளை அவர் கையில் தரவில்லை, எட்ட நின்று மேசையில் எறிந்தார்கள். வாடகைக்கு வீடு கிடைக்காமல், பார்சிப் பெயர் ஒன்றைச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவ்வளவு பெரிய படிப்பு அந்த ஊரில் அவருக்கு ஓர் அறையைக்கூட வாங்கித் தரவில்லை.

நான் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் சுகாதாரப் பிரிவுத் தூய்மைப் பணியாளர்களின் சம்பளப் பட்டியல் பார்க்கிறேன். விடிவதற்குள் வார்டுகளில் வருகை எடுத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் மஸ்டர் ரோல்கள், அதாவது அந்த வருகைப் பதிவேடுகள், எங்கள் மேசைக்கு வரும். கூட்டல் கழித்தல் சரிபார்க்கும்போது பெயர்களும் முகவரிகளும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். எத்தனை பேர் இருந்தாலும் முகவரி என்னவோ ஒன்றிரண்டு குடியிருப்புகளைத் தாண்டாது. பழைய பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இன்று தகப்பனார் பெயர் என்ற இடத்தில் இருப்பவர், அன்று பணியாளர் பெயர் என்ற இடத்தில் இருந்தவர். அவருடைய தகப்பனாரைத் தேடினால் அதற்கும் முந்தைய பதிவேட்டில் கிடைப்பார்.

சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்றார் அம்பேத்கர். லாகூரில் சாதி எதிர்ப்பு அமைப்பு ஒன்று கூட்டிய மாநாட்டுக்காக எழுதி, அவர்கள் பேச விடாததால் 1936-இல் தானே அச்சிட்டு வெளியிட்ட உரையில் இது வருகிறது. அவர் இதைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. அன்றைய பம்பாய் பஞ்சாலைகளில் கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் போக முடியாது. அறுந்த நூலை நாடாவில், அதாவது தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டையில், கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். அவர்கள் வாய் பட்ட நாடாவை மற்றத் தொழிலாளர்கள் தொட மாட்டார்கள். ஒரே கூரை, ஒரே முதலாளி, ஒரே சங்கு. அப்படியும் தொழிலாளி என்ற ஒற்றுமை அந்த வாசலில் நின்றுபோனது. 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்கச் சொல்லி அம்பேத்கர் கேட்டதில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பது, மஸ்டர் ரோலைப் பார்க்கிற எவருக்கும் புரியும்.

எங்கள் அலுவலகத்தில் பணிக்காலத்தில் இறந்துபோன ஒரு தூய்மைப் பணியாளரின் மகள் கருணை அடிப்படையில் வேலை கேட்டு வந்தார். பி.காம். முடித்தவர். இளநிலை உதவியாளர் இடம் காலியில்லை, அப்பா பார்த்த வேலை உடனே கிடைக்கும், வாங்கிக்கொள் என்றார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதே சமயம் ஓர் எழுத்தரின் மகனும் பட்டப்படிப்போடு அதே வரிசையில் காத்திருந்தார். "இடம் காலியாகும் வரை பொறுத்திரு தம்பி" என்றுதான் அவரிடம் சொன்னார்கள். துடைப்பத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் கண்காணிப்பாளரிடம் நேராகவே கேட்டார்: "அவருக்கும் இதையே சொன்னீங்களா சார்?" பதில் இல்லை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அம்பேத்கர். எட்டு மணி நேர வேலைக்காக அவர் நின்றது அப்போதுதான். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்பு கிளம்பி மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதும் நாம் பார்த்ததுதான். அவர் வாங்கித் தந்ததைக் காப்பாற்ற இன்னும் சண்டை போட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தப் பணியாளர்களின் நிலைமை அதைவிடக் கவலை. அவர்கள் பெயர் எங்கள் பதிவேட்டிலேயே இல்லை. ஒப்பந்தக்காரரின் பட்டியலில்தான் இருக்கிறது. கையுறை, பி.எஃப். என்று எது கேட்டாலும் அவரைக் கேள், இவரைக் கேள் என்று அலைய விடுவார்கள். குப்பை மட்டும் தினமும் எங்களுடையதுதான்.

சமத்துவம் வந்துவிட்டது, இப்போது யார் சாதி பார்க்கிறார்கள் என்று சக ஊழியர்கள் சொல்லும்போது நான் சண்டைக்குப் போவதில்லை. பதிவேட்டைத் திறந்து முகவரிகளைக் காட்டுகிறேன். சிலர் பேசாமல் பார்க்கிறார்கள். சிலர், அவர்களுக்கு அதுதான் பழக்கம் என்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பழக்கம் கணக்கு. கல்லூரியில் படித்ததும் அதைத்தான்.

அப்புறம் அவர் துப்புரவு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கல்வித் தகுதிக்கேற்ற பணி கேட்டு மனு போட்டார். கோப்பில் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுத்தரின் மகனுக்கு என்ன வைத்து எழுதப்பட்டதோ, அதே விதியை அப்படியே வைத்து எழுதினேன். இப்போது காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. இடம் காலியாகும்போது அவரை யாரும் தாண்டிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது என் வேலை.