நிறத்திலிருந்து வெப்பநிலைக்கு

ஒரு விண்மீனை நீல (பி) வடிகட்டியிலும் மஞ்சள்-பச்சை (வி) வடிகட்டியிலும் அளந்து, முதல் பொலிவெண்ணிலிருந்து (மங்கலாக இருந்தால் கூடும் எண் இது) இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது பி−வி எனும் நிறக்குறியெண். 1953-இல் ஜான்சனும் மார்கனும் வகுத்த யு-பி-வி முறையில் இது அபிஜித்துக்கு (வேகா) ஏறத்தாழச் சுழி, சூரியனுக்கு 0.65 அளவில், திருவாதிரைக்கு 1.8 அளவில். எண் கூடக்கூட விண்மீன் குளிர்ந்தது என்பது தெரிந்ததே. ஆனால் 0.65 என்றால் ஏறத்தாழ 5,770 கெல்வின் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடாது. சுழி எங்கே என்பதே நாமாக வைத்துக்கொண்ட ஏற்பாடுதான்.

இதற்கு ஆதாரம் வேறிடத்திலிருந்து வர வேண்டும். எல்லா அலைநீளங்களிலும் சேர்த்து விண்மீனிலிருந்து நம்மை வந்தடையும் ஆற்றலும், வானில் அதன் கோண விட்டமும் தெரிந்தால், தொலைவு தெரியாமலேயே வெப்பநிலையைக் கணக்கிடலாம். ஏனெனில் தொலைவு இரட்டித்தால் ஆற்றலும் வட்டின் தோற்றப் பரப்பும் ஒரே விகிதத்தில் கால்பங்காகக் குறைகின்றன. ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், ஆற்றலை அளப்பதில் 4 விழுக்காடு பிழை நேர்ந்தாலும் வெப்பநிலையில் 1 விழுக்காடுதான் பிசகும். கோண விட்டம் அவ்வளவு தாராளமானதன்று. அங்கே 2 விழுக்காட்டுப் பிழையே அதே பிசகைத் தந்துவிடும்.

அந்த விட்டமோ மிகப் பிரகாசமான அபிஜித்துக்கே ஒரு விகலையில் (பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) ஆயிரத்தில் மூன்று பங்குதான். 1916-இல் நீலகிரியின் அருவங்காட்டில் பிறந்த வானியலாளர் ஹான்பரி பிரவுன், ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் இரண்டு பெரிய எதிரொளிப்பான்களை நகர்த்தி 32 விண்மீன்களின் விட்டத்தை அளந்தார். சூடான விண்மீன்கள் பெரும்பகுதி ஆற்றலை நம் வளிமண்டலம் தடுக்கும் புறஊதாவில்தான் உமிழ்கின்றன. அதை ஓஏஓ-2 செயற்கைக்கோள் அளந்து கொடுத்தது. இரண்டையும் இணைத்து 1976-இல் வெளியான வெப்பநிலைகளே சூடான விண்மீன்களின் நிறத்தை வெப்பநிலையாக மாற்றும் அட்டவணைகளுக்கு நெடுங்காலம் அடித்தளமாக இருந்தன. பொலிவு அளவியலைப் பற்றிப் பேசும்போது நாம் உணர்விகளைப் புகழ்கிறோம். உண்மையில் பாரம் தாங்கியவை இந்தச் சில விட்டங்கள்தாம்.

அட்டவணை கையில் இருந்தாலும் இடையிலுள்ள தூசியைக் கழிக்காமல் அதைத் தொடக்கூடாது. பி−வி 0.1 கூடும் அளவுக்குத் தூசி இருந்தால், வி பொலிவும் ஏறத்தாழ 0.31 பொலிவெண் அளவுக்கு மங்கும், சூடான விண்மீன் ஒன்று குளிர்ந்ததாகவும் வேடமிடும். இதைப் பிரித்தறியத்தான் புறஊதாவை அளக்கும் யு வடிகட்டி உதவுகிறது. சூரியனை ஒத்தவற்றில் வேறொரு சிக்கல்: உலோகக் கோடுகள் நீல ஒளியைத் தின்றுவிடுவதால், வெப்பநிலை மாறாமலே பி−வி மாறுகிறது. பி-க்குப் பதிலாக அகச்சிவப்பு (கே) வடிகட்டியைச் சேர்த்த வி−கே நிறத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு என்பதால், அத்தகைய விண்மீன்களுக்கு நான் முதலில் புரட்டுவது வி−கே அட்டவணையைத்தான்.